கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தொப்பி

மகேஸ்வரன் ஒரு கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். பூட்டியது தன்னுடைய கைதான் என்பது அவருக்குப் போதுமான அத்தாட்சி அல்ல.

கனடாவில், அஜின்கோர்ட் என்ற பகுதியில், ஒரு பிளாசாவின் மூலையில், சப்பாத்துத் திருத்தும் கடைக்குப் பக்கத்தில், சாவி வெட்டும் சிறிய கடையொன்றில் அவர் வேலை செய்தார். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பூட்டு வேலை இங்கே வந்து பழகியது. வெட்டிய சாவியைக் கொடுக்கும்போது, வீட்டுக்குப் போனதும் கதவில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி வாடிக்கையாளரைக் கேட்டுக்கொள்வார். அதைப் பணிவு என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அவர் மெசினை நம்பவில்லை, சாவியை நம்பவில்லை, எந்தக் கதவின் சாவியைக் கொண்டுவந்தோம் என்ற வாடிக்கையாளரின் ஞாபகத்தையும் நம்பவில்லை.

வரிசையில் நிற்பதும் அவருக்கு ஆகாது. வங்கியில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, வரிசை முடிந்த பிறகுதான் போவார். மனைவி குணவதி கூட வந்தால் இரண்டு பேருக்குமாக அவள்தான் வரிசையில் நிற்பாள். காரணம் அவளுக்குத் தெரியும். வெளியே யாருக்கும் அதை அவர் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கோடையில் குணவதியின் மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்து வெட்டினார்கள். அதன் பிறகு கீமோ தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அதற்கு எத்தனையோ மருந்துப் பெயர்கள் இருந்தன. வீட்டில் அதை 'ஊசி' என்றுதான் சொன்னார்கள்.

ஊசி போட்டு வந்தால் நாட்கணக்கில் சத்தி, ஓயாத வாந்தி. சோறு கொதிக்கும் மணம் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் குளியலறைக்கு ஓடவைத்தது. மகேஸ்வரன் குளிரிலும் யன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தார். கஞ்சி தங்கவில்லை. சத்தியை நிறுத்த விழுங்கக் கொடுத்த குளிசையே சத்தியாக வந்தது. ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் தள்ளிவைத்துவிட்டுக் குணவதி சொன்னாள்:

"நான் இனி ஊசிக்கு வரேல்லை."

"விசர்க்கதை கதையாதையும். இன்னும் ஊசி கிடக்கெல்லோ."

"கிடக்கட்டும். மார்பில வந்த வருத்தம் கொல்லுறதெண்டால் கொல்லட்டும். ஊசி வந்து கொல்லத் தேவையில்லை."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஸ்காபரோவில் முதலில் இருந்த நிலக்கீழ் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று அவள் சொன்னதும் இதே குரலில்தான். அந்த மாதமே அவர்கள் வீடு மாறிவிட்டார்கள். இப்போது அடுத்த ஊசிக்கு அவளைக் கூட்டிப்போக முடியாவிட்டால், அதற்குப் பிறகு எந்த ஊசிக்கும் கூட்டிப்போக முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் நேர்ஸிடம் சொன்னார். அவள் நடைபாதையை ஒரு தரம் முன்னும் பின்னும் பார்த்தாள். போர்வைகள் அடுக்கியிருந்த அலுமாரிப் பக்கம் அவரைக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். நகரத்தின் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சட்டப்படியான இடம் அல்ல. பொலிசுக்குத் தெரியும், ஆனாலும் பேசாமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் நோயாளிகள் சிலர் போகிறார்கள், போய் வந்த பிறகு சாப்பிடவும் செய்கிறார்கள். வருத்தம் என்னவென்று டொக்டரிடம் ஒரு கடிதம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

மற்றெல்லாவற்றையும் விடக் கடைசி வசனம்தான் மகேஸ்வரனின் மனதில் நின்றது. சொல்லவில்லை என்று என்னிடம் சொல்பவள், சொன்னேன் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

பஸ்ரியனிடம் கேட்டார். பஸ்ரியன் ரக்சி ஓடுகிறவன். கடைக்கு எதிரே டோனட் கடையில் வந்து குந்துவான். நகரத்தில் அவனுக்குத் தெரியாத சந்து இல்லை.

"உது கஞ்சாக் கடை அண்ணை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறியளோ?"

"பொலிசுக்குத் தெரியுமாம். தெரிஞ்சால் ஏன் பிடிக்கேல்லை?"

"வருத்தக்காறர் எண்டு பாவம் பாத்து விடுறாங்களாக்கும்."

"பொலிஸோ?"

"கனடாப் பொலிஸ் அண்ணை."

"பொலிஸ் பொலிஸ்தான்."

பஸ்ரியன் சிரித்தான். "ஊரில பரியாரியார் லேகியத்துக்க போட்ட சாமான்தானே. என்ர பெரியப்பா அதில ஒரு உருண்டை திண்டுபோட்டு, கலியாண வீட்டுக் கறிச்சட்டியளை வழிச்சுத் திண்டவர். அவரை ஆரும் பிடிக்கேல்லை. பெரியம்மாதான் ஏசினவ."

"நாங்கள் சிற்றிசனுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறம். அங்க வைச்சு என்னைப் பிடிச்சால்?"

"பிடிச்சால் நான் போய் அக்காவைப் பாக்கிறன், நீங்கள் பயப்பிடாதேங்கோ."

"உதுதான் என்ர பயமே."

வீட்டுத் தொலைபேசியில் எடுத்தால் தன் எண் தெரிந்துவிடும் என்று, நேர்ஸ் சொன்ன இடத்துக்குப் பிளாசாவில் இருந்த பொதுத் தொலைபேசியில் எடுத்தார். பெண் குரலொன்று பெயர் கேட்டது. மகேஸ்வரன் யோசிக்கவில்லை. "பஸ்ரியன்" என்றார்.

கடை விடுமுறை நாளில் பஸ்ரியனே அவரை ஏற்றிப் போனான். கீழே மரக்கறிக் கடை. பெட்டிகளில் தக்காளியும் கறிமிளகாயும். அதன் பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. மகேஸ்வரன் வழக்கப்படி முதலில் பூட்டைப் பார்த்தார். உருக்குக் கதவு, நல்ல பூட்டு, மேலே சின்னக் கமரா. இரக்கம் செய்கிறவனுக்கு இவ்வளவு நல்ல பூட்டு எதற்கு என்று நினைத்தார்.

மணியை அழுத்தினார். சுவரிலிருந்து ஒரு குரல் பெயரைக் கேட்டது. கதவு உறுமிக்கொண்டு திறந்தது. படியேறத் தொடங்கியதும் பின்னால் அது தானாகவே பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. இறங்கிப் போய் உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. மறுபடி ஏறினார்.

மேலே ஒரு சிறிய அறை. மழையில் நனைந்த புல்லை மூட்டைகட்டி வைத்ததுபோல ஒரு மணம். சுவரில் கையால் எழுதிய அறிவித்தல்: இங்கே வாங்கியதை வேறு ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது, படியில் நின்று புகைக்கக்கூடாது, அயலவர்களுக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது. கதிரைகளில் இரண்டு பேர் இருந்தார்கள். கைத்தடியோடு ஒரு மெலிந்த இளைஞன், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு முதியவர். முதியவரின் சப்பாத்து மினுங்கியது. சுகமில்லாதவன் சப்பாத்து மினுக்குவானா? மகேஸ்வரன் அவருக்கு எதிர்ப்பக்கமாக நின்றார்.

அறையின் மறுகோடியில் இன்னொரு கதவு. அதற்குப் பக்கத்தில் தடித்த கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ இருந்தார்கள். நாவல் நிறக் கம்பளித் தொப்பி புருவம் வரை இழுத்துவிட்டிருந்தது. மூக்கிலிருந்து நாடி வரை வெள்ளை முகமூடி. இடையில் இரண்டு கண்கள் மட்டும்.

இளைஞன் எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். கண்கள் அவனைப் பார்த்தன. தலை ஒரு தரம் மேலும் கீழும் அசைந்தது. கதவு திறந்தது. அவன் உள்ளே போனான். கதவு மூடியது.

முதியவர் எழுந்தார். கண்கள் பார்த்தன. தலை அசைந்தது. கதவு திறந்து மூடியது.

அடுத்தது மகேஸ்வரன்.

ஊரில் போர் நடந்த காலத்தில், ஒரு சுற்றிவளைப்பின்போது ஆமி, ஆண்களையெல்லாம் பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வரிசையாக நிறுத்தியது. வரிசை ஒரு ஜீப்பைத் தாண்டி நகர்ந்தது. ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். ஊரில் அப்படிப்பட்டவனுக்குப் பெயர் தலையாட்டி. அவன் சும்மா இருந்தால் முன்னால் நிற்பவர் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் கொண்டுபோவார்கள். மகேஸ்வரன் முன்னால் போனபோது சாக்கு அசையவில்லை. அவருக்குப் பின்னால் நின்றது அவருடைய சைக்கிள் கடையில் வேலைசெய்த அமிர்தநாதர். அமிர்தநாதர் திரும்பி வரவில்லை.

மகேஸ்வரன் கண்ணாடிக்கு முன்னால் போகவில்லை. படிகளில் இறங்கினார், பிறகு ஓடினார். ரக்சியின் பின்கதவைத் திறந்து ஏறிக் குனிந்து இருந்தார்.

"என்ன அண்ணை? கிடைச்சதோ?"

"எடு காரை."

"என்ன நடந்தது?"

"உள்ள தலையாட்டி இருக்கிறான்."

பஸ்ரியன் சிரிக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் காரை எடுத்தான். ஸ்ரீட்கார் பாதையைத் தாண்டி, பெரிய தெருவுக்கு வந்து, சிவப்பு விளக்கில் நின்ற பிறகுதான் கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டான்.

"சாக்கோ?"

"தொப்பி. வாயைத் துணியால மூடியிருக்கு."

"ஆரும் பின்னால வாறாங்களோ எண்டு பாருங்கோ."

இரண்டு பேரும் அஜின்கோர்ட் வரும்வரை பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டில் குணவதி சோபாவில் சாய்ந்திருந்தாள். முடி கொட்டிய தலையில் அவளும் ஒரு கம்பளித் தொப்பி போட்டிருந்தாள்.

"என்ன, பூட்டிக்கிடந்ததோ?"

"ஓம்."

"பூட்டைக் கண்டிட்டுச் சும்மா வாற ஆளில்லையே நீங்கள்."

அவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். பிறகு சொன்னார். தலையாட்டி என்ற சொல் வந்ததும் குணவதி எழுந்து இருந்தாள். அன்றைக்குப் பாடசாலை வேலிக்கு வெளியே பெண்களோடு நின்று, எந்தப் பக்கத்தால் புருஷன் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"தெரியேல்லை."

"கண்ணைப் பாத்தனீங்களோ?"

"கண்தானே தெரிஞ்சது."

"இமைமயிர் இருந்ததோ?"

மகேஸ்வரன் யோசித்தார். பூட்டைப் பார்த்திருந்தார், கமராவைப் பார்த்திருந்தார், சப்பாத்தைப் பார்த்திருந்தார். இமை மயிரைப் பார்க்கவில்லை.

குணவதி மெதுவாக எழுந்து அறைக்குள் போனாள். கிருமி தொற்றாமல் போட்டுக்கொள்ளும்படி ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டாள். புருவம் இருந்த இடம் வரை என்று சொல்லவேண்டும். அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப நான் ஆர்?"

"கழட்டும்."

அவள் அவரைப் பார்த்தபடி ஒரு தரம் தலையை ஆட்டினாள்.

"கழட்டும் எண்டு சொல்லுறன்."

அந்த வீட்டில் அவர் அப்படிச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. குணவதி முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"அங்க இருக்கிறது என்னைப் போல ஒரு வருத்தக்காறி."

"காணாமச் சொல்லாதையும்."

"அப்ப கண்டுகொண்டு வருவம். நானும் வாறன்."

"ஊசிக்கு வரமாட்டனெண்டு சொன்னீர்."

"அது வேற கதை. முதல் இதைப் பாப்பம். வயித்தில ஏதாவது தங்கினால் அதைப் பற்றிக் கதைப்பம்."

அடுத்த விடுமுறை நாளில் மறுபடி போனார்கள். பஸ்ரியன் இந்தமுறை காரை ஒரு சந்து தள்ளி விட்டான். படி ஏறக் கைத்தாங்கலாக அவனும் கூட வந்தான். மகேஸ்வரன் மணியை அழுத்தினார். சுவரிலிருந்து குரல் வந்தது. கமராவில் அவரை அடையாளம் கண்டிருக்கவேண்டும்.

"மிஸ்டர் பஸ்ரியன்?"

பஸ்ரியன் சுவரைப் பார்த்தான். பிறகு அண்ணையைப் பார்த்தான்.

"என்ர பேர் எப்பிடி அண்ணை சுவருக்குத் தெரியும்?"

மகேஸ்வரன் பூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"உங்கட அண்ணை உங்கட பேரிலதான் எல்லா நல்ல காரியமும் செய்யிறவர்" என்றாள் குணவதி.

"என்ர ரக்சி லைசென்ஸ் போனால் அவரோ வந்து எனக்குச் சோறு போடுறது?"

"நீ கீழ நில்லு" என்றார் மகேஸ்வரன்.

"பின்னை மேல வருவனோ? நான் இப்ப அங்க வந்தால் ரெண்டு பஸ்ரியனெல்லோ."

குணவதி படிக்குப் படி நின்று ஏறினாள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அதே நாவல் நிறத் தொப்பி. மகேஸ்வரன் வாசலோடு நின்றுவிட்டார். குணவதி நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு தொப்பியும் முகமூடியும், அந்தப் பக்கம் ஒரு தொப்பியும் முகமூடியும். உள்ளே இருந்த தலை அசைந்தது. கதவு திறந்தது. குணவதி உள்ளே போகாமல், கதவைக் காலால் தடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கோ. இமைமயிர் இல்லை."

உள் அறையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அவர்களை இருத்தி, டொக்டரின் கடிதத்தை வாசித்தாள். இன்றைக்குச் சொன்ன பெயரும் அன்றைக்குச் சொன்ன பெயரும் ஏன் வேறு என்று கேட்கவில்லை. சிலர் அப்படித்தான் என்பதுபோல எழுதிக்கொண்டாள். குணவதியிடம் அவள் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கும் மகேஸ்வரன் பதில் சொன்னார். மூன்றாவதை அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். என்ன சாப்பிட ஆசை என்பது கேள்வி. அதை இதுவரை ஒரு டொக்டரும் கேட்டதில்லை. குணவதி யோசித்து, "இடியப்பம்" என்றாள். அது என்னவென்று விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மகேஸ்வரனுக்கும் ஒரு கேள்வி இருந்தது. வெளியே இருப்பவர் ஏன் தலையை ஆட்டுகிறார்?

அந்தப் பெண் சொன்னாள்: அவளுக்கும் வருத்தம்தான். மருந்தால் வாயெல்லாம் புண், பேசினால் நோகும். வருகிறவர்களை அடையாளம் பார்ப்பது அவளுடைய வேலை. உண்மையான நோயாளி என்று அவளுக்குப் பட்டால் தலையை ஆட்டுவாள், நான் கதவைத் திறப்பேன்.

"ஆட்டாவிட்டால்?"

"போகச் சொல்லிவிடுவோம்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. அந்த இடத்தில் அவருக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

"அன்றைக்குத் தள்ளி நின்ற உங்களுக்கும் ஆட்டினாள்" என்றாள் அந்தப் பெண். "நான் கதவைத் திறந்தபோது உங்களைக் காணவில்லை."

அலுமாரியில் கண்ணாடிப் போத்தல்கள் இருந்தன. பச்சையாக, காய்ந்த பூக்கள். புகைத்தால் இருமல் வரும் என்று குணவதி மறுத்தாள். அப்படியென்றால் பிஸ்கட் என்று அந்தப் பெண் ஒரு சின்னப் பையை எடுத்தாள். கால்வாசிதான் சாப்பிடவேண்டும். உடனே ஒன்றும் தெரியாது. தெரியவில்லையென்று இன்னொரு துண்டு எடுக்கக்கூடாது. வீட்டில் தனியாக இருக்கக்கூடாது. கார் ஓடக்கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிவைக்கவேண்டும். பிஸ்கட்டை யார் சுட்டது, என்ன மா, சுட்ட இடத்துக்குப் பூட்டு இருக்கிறதா என்று மகேஸ்வரன் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். இவ்வளவு பொறுமையை எங்கே பழக்கியிருப்பார்கள் என்று அவர் யோசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தன்னுடைய பூட்டு வேலைக் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு திறந்தார். ஒரு கால்வாசியை உடைத்துத் தன்னுடைய வாயில் போட்டுக்கொண்டு மறுபடி பூட்டினார்.

"என்ன செய்யிறியள்?"

"முதல் நான். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையெண்டால் பிறகு நீர்."

கதவைப் பார்த்தபடி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மடியில் தொலைபேசி. ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். இருந்தார். மறுபடி எழுந்து இழுத்துப் பார்த்தார். அது என்ன புதிதா என்று குணவதி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் குசினிக்குப் போனார். தனக்கென்று காலையில் அவித்து வைத்திருந்த இடியப்பத்தையும் சொதியையும் எடுத்துவந்து மேசையில் இருந்தார். தட்டு வெறுமையானது. சட்டியை எடுத்துவந்தார். சட்டி வெறுமையானது. சட்டியை வழிக்கப் பாண் எடுத்துவந்தார்.

"இந்தச் சொதியில நான் என்ன போட்டனான்?" என்று மிகவும் கவலையோடு கேட்டார்.

குணவதி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது.

"பஸ்ரியன்ர பெரியப்பா தோத்தார். காணும், என்ர துண்டைத் தாங்கோ."

பெட்டியின் சாவியைக் காணவில்லை. அத்தனை சாவி வெட்டியவர் மேசைக்குக் கீழே, சோபாவுக்குள், பாண் பைக்குள் எல்லாம் தேடினார். அது அவருடைய இடது கையில் இருந்தது. குணவதிதான் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

வெயில் யன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் அவள் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு இடியப்பம் தாங்கோ."

இல்லை. எல்லாவற்றையும் அவரே தின்றிருந்தார். மா குழைத்து, உரலில் போட்டுப் பிழிந்து, அவிய வைத்தார். குணவதி குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். ஆவி எழும்பி, மா அவியும் மணம் வந்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் எழுந்து ஓடவில்லை. தட்டை மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, இரண்டையும் சாப்பிட்டாள்.

மகேஸ்வரன் அவள் சத்தி எடுக்கும் பேசினைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தார். ஒன்றும் வரவில்லை.

"பேசினைக் கீழ வையுங்கோவன்."

"நாளைக்குப் பாப்பம்" என்றார்.

நாளைக்கும் பார்த்தார். ஒரு நாள் தங்கியது, ஒரு நாள் சத்தியானது. சில நாட்களில் அவள் நெடுநேரம் தூங்கினாள், எழுப்பி மூச்சைப் பார்த்தார். அந்த இடத்தை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. போகும்போதெல்லாம் கீழ்க்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். பஸ்ரியன் காரை ஒரு சந்து தள்ளித்தான் விட்டான்.

அடுத்த ஊசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்ற பயம். அந்த நாள் காலையில் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, சும்மா நிற்பவர்போல நின்றார். அறைக்கதவு திறந்தது. குணவதி குளிர்க்கோட்டோடு வந்தாள். தொப்பி, முகமூடி. சப்பாத்துக்குள் காலை விட்டாள்.

"எங்க?" என்று கேட்டார். "ஊசிக்கோ?"

முகமூடிக்குள்ளால் கதைக்க அவளுக்குப் பஞ்சியாக, அலுப்பாக இருந்திருக்கவேண்டும். அவரைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டினாள்.

மகேஸ்வரன் அந்த முகத்தை நேராகப் பார்த்தார். அவளை முன்னால் விட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.